மறு: 'டிரை' ஒயினுக்குத் தமிழ்: உலர்மதுவா, துவர்த்தேறலா?

வணக்கம் நண்பர்களே,

இனிப்பில்லாத ஒயினை ஆங்கிலத்தில் 'டிரை' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன போடலாம் என்று கேட்டிருந்தேன். மடல் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கேட்டரிங் வகுப்புப் பாடக்குறிப்பை ஞாயிறு இரவு அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும், அதனால் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

> அகராதிப்படி 'உலர் மது'. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஐயா, நானும் அதைத்தான் முதலில் பலகையில் எழுதினேன். பின்பெஞ்சுப் பையன் ஒருவன் "பொடியா வருமா சார், தண்ணி கலக்கணுமா?" என்று கேட்டான். உலர் ஈஸ்ட் பார்த்தவன் வேறெப்படி நினைப்பான்? அதைவிடப் பெரிய சிக்கல், நான் நடத்துவது அமரோனே என்னும் இத்தாலியச் சிவப்பு ஒயின். வெரோனாவுக்கு வடக்கே வல்பொலிசெல்லா மலைச்சரிவுகளில் கொர்வினா முதலான திராட்சைகளைப் பறித்து, மூன்று மாதத்துக்கு மேல் காற்றாடப் பரப்பி வாடவிட்டு, அப்புறம்தான் பிழிகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு போல நீராகவே போய்விடும். சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்துத் தீர்ந்தால் அமரோனே, ஆல்கஹால் குறைந்தது 14 விழுக்காடு. நொதிப்பு பாதியில் நின்றால் தித்திக்கும் ரெச்சோத்தோ. இரண்டுக்கும் பழம் உலர்ந்ததுதான், ஆனால் ஒன்றுதான் 'டிரை'. இங்கே 'உலர்' போட்டால் வகுப்பே குழம்பிவிடும்.

> துவர் என்றால் சுவை, துவர் என்றால் சிவப்பு, எங்கள் குமரியில் ஈரம் துடைக்கும் துண்டு துவர்த்து. மூன்றும் ஒரே வேர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துவர்த்தேறல்!

இந்த மடலை மூன்று முறை படித்தேன், அவ்வளவு அழகு. ஆனால் பக்கத்து மலையில் விளையும் சொவாவே வெள்ளை ஒயினும் டிரைதான். அதில் சிவப்பும் இல்லை, சொல்லும்படி துவர்ப்பும் இல்லை. துவர்ப்பு என்பது பச்சைப் பாக்கைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அது. அந்தச் சொல் எனக்கு, ஒயினில் அந்த இழுப்பைத் தரும் டேனினுக்கு வேண்டும். அமரோனேயில் வாடிய செர்ரி, அத்தி, கோக்கோ, கொஞ்சம் பட்டை வாசம், கடைசியில் லேசான கசப்பு. அமாரோ என்றாலே கசப்புதான். வெரோனாக்காரர்கள் அந்த ஒயினையே ஊற்றி ரிசோத்தோ என்னும் குழைந்த அரிசிச் சோறு கிண்டுகிறார்கள், நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சியோடும் மோந்தே வெரோனேசே சீஸோடும் குடிக்கிறார்கள். ஏன் இறைச்சி, ஏன் சீஸ்? கொழுப்பும் புரதமும் துவர்ப்பை அடக்கும். 'துவர்' என்பதை டிரைக்குக் கொடுத்துவிட்டால் இந்த ஒரு வரியை நான் எப்படி எழுதுவேன்?

> யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல் – புறம் 56.

உண்மை, அரிக்கமேட்டில் இத்தாலிய மதுச்சாடிகளும் கிடைத்திருக்கின்றன. மதுவுக்குத் தேறல் நல்ல சொல்தான், தெளிந்தது என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஆனால் இப்போது தேடுவது அதன் முன்னால் வரும் அடைமொழியை.

அக்கா சொன்ன 'இனிப்படங்கிய' வேண்டாம். 'அடங்கிய' என்றால் உள்ளே இருக்கிறது என்றும் ஆகிவிடும்.

'டிரை ஒயின்' என்றே விடச் சொன்னவர்களுக்கு: கப்பல் வேலைக்குப் போகிற பையன் அதைத் தானே கற்றுக்கொள்வான். சர்க்கரை தீர்ந்துபோனதால்தான் அந்தப் பெயர் என்பது அவனுக்குத் தமிழில் விளங்க வேண்டும், எனக்கு அது முக்கியம்.

எனவே 'இனிப்பற்ற ஒயின்' என்று போடுகிறேன், பெரும்பாலோர் சரி என்றுவிட்டீர்கள். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாமே, 'அற்ற' எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாக்குக்குத் தெரியாத அளவு என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறேன். குமரி நண்பர் இன்னும் ஒப்பவில்லை. துவர்ப்பு மிகுந்த செந்நிற ஒயின்களுக்கு மட்டும் துவர்த்தேறலை வைக்கலாமா என்று அவரே சொல்லட்டும், ஞாயிறு மாலைவரை பார்க்கிறேன்.