ரோஸ் மில்க் டிஸ்பென்சர் குழாயில் போகாத புளிப்பு வாடை

வணக்கம். திருப்பூரில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். 12 லிட்டர் தொட்டி இரண்டு உள்ள குளிர்பான டிஸ்பென்சர். ஒன்றில் லெமன், இன்னொன்றில் ரோஸ் மில்க். சித்திரை பிறந்ததிலிருந்து ரோஸ் மில்க் பக்கம் மட்டும் தொல்லை. இரவு கழுவி வைத்தாலும் மறுநாள் மதியம் குழாயில் பிடிக்கும் முதல் டம்ளரில் புளிப்பு வாடை. தொட்டிக்குள் இருக்கும் பால் நன்றாகவே இருக்கிறது, குளிர்ச்சியும் 4 டிகிரி காட்டுகிறது. குழாயைக் கழற்றினால், ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் வழுவழுவென்று வெள்ளைப் படலம்.

தினமும் வெந்நீர், சோப்பு, சின்ன பிரஷ்ஷால் தேய்ப்பது, அப்புறம் 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை (கிருமி கொல்லும் ப்ளீச் திரவம்) லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி. கலந்து ஊறவைப்பது (100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு வரும்). எங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதால், உப்புப் படிவு போக சிட்ரிக் ஆசிட்டும் வேறொரு நாள் தனியாகப் போட்டாச்சு. ப்ளீச்சையும் ஆசிட்டையும் சேர்த்தால் விஷவாயு வரும், அதனால்தான் தனித்தனி நாள். வளையத்தையும் புதிதாக மாற்றியாச்சு. பிள்ளைகள் குடிக்கிற பொருள், அதனால் அந்தப் பக்கத்தை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன்.

டிஸ்பென்சரில் பால் ஊற்றி விற்பவர்கள் சொல்லுங்கள்: குழாயையே மாற்றாமல் இந்தப் படலத்தை அடியோடு எடுக்க வழி இருக்கிறதா?