துண்டுகளால் அமைக்கும் தமிழ் எழுத்துருவில் சுழியும் சாய்கோடும்: உதவி வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். சதுரம், கால்வட்டம், முக்கோணம் ஆகிய சில துண்டுகளைக் கட்டங்களில் அடுக்கி, ஃபான்ட்ஸ்ட்ரக்ட் (FontStruct) என்னும் இணையவழி எழுத்துருக் கருவியில் ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்கி வருகிறேன். சதுரம், கால்வட்டம், வட்டம் என்னும் மூன்றே வடிவங்களால் ஜெர்மனியில் பிறந்த ஓவியரும் வடிவமைப்பாளருமான ஜோசப் ஆல்பர்ஸ் அமைத்த எழுத்துகளைக் கண்ட நாள் முதல் இம்முறையில் எனக்குத் தீராத ஈடுபாடு உண்டு.

ப, ம, ட ஆகியவை எளிதில் அமைந்துவிட்டன. சிக்கல் சுழிகளில்தான். கோட்டின் தடிமன் ஒரு கட்டம் என்றால், வெளிவளைவின் ஆரம் இரண்டு கட்டமாகவும் உள்வளைவின் ஆரம் ஒரு கட்டமாகவும் இருக்கும்போது தடிமன் சீராக நிற்கிறது. ஆனால் அதே அளவில் ‘ண’வின் சுழிகளை அடுக்கினால் எழுத்து மிக அகன்றுவிடுகிறது, சுருக்கினாலோ சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைந்துபோகிறது.

எண் 7-இன் சாய்கோட்டிலும் குறை உள்ளது. கிடைமட்டமாக ஒரு கட்ட அகலமுள்ள கோடு 45 பாகை சாயும்போது உண்மைத் தடிமன் 0.71 கட்டமாக மெலிகிறது. இரண்டு கட்டம் உயர ஒரு கட்டம் நகரும் சாய்வில் அது 0.89 என்பதால், தற்போது அதையே வைத்திருக்கிறேன்.

சுழிகளுக்கு மட்டும் அரைக்கட்டத் துண்டுகளைப் பயன்படுத்தலாமா, அல்லது தடிமனை இரண்டு கட்டமாக்கி எல்லா எழுத்துகளையும் மீண்டும் அமைப்பதே முறையா? செய்து பார்த்தவர்கள் ‘ண’ அல்லது ‘ஞ’வின் கட்டப் படத்துடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.