விடலைச் சேவல் ஒரே பெட்டையைப் படுத்தி எடுக்கிறது, என்ன செய்யலாம்?

கொல்லைப்புறம் (தென்காசி):

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக் கொல்லையில் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஐந்து பெட்டை, ஒரு சேவல். மூன்று வருடமாக இருந்த பெரிய சேவலைச் சித்திரையில் நாய் பிடித்துவிட்டது. அதன் குஞ்சு ஒன்றைத்தான் இப்போது சேவலாக விட்டிருக்கிறேன். செவலை நிறம், ஏழு மாதம் ஆகிறது.

மூன்று வாரமாக இது ஒரே ஒரு பெட்டையைத்தான் துரத்துகிறது. சாம்பல் நிறப் பெட்டை, ஒன்றரை வயது. காலையில் கூட்டைத் திறந்ததும் மேலே பாய்கிறது. பிடரி இறகைக் கவ்விக்கொண்டு மிதிக்கிறது (இணைசேர்கிறது). இறங்கிய பிறகும் விடாமல் தலையில் கொத்துகிறது. ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை இப்படி நடக்கிறது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. நேற்று ரத்தம் பார்த்தேன். பகல் முழுவதும் பெட்டை விறகுக் கட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, தீனிக்குக்கூட இறங்கப் பயப்படுகிறது.

மாமியார் பெட்டையைப் பஞ்சாரம் (கோழி மூடும் கூடை) போட்டு மூடச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சேவலை அறுத்துவிடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை, பழைய சேவலின் வழியில் மிஞ்சியது இது ஒன்றுதான். மற்ற நான்கு பெட்டைகளை இது தொடுவதே இல்லை. இந்த ஒன்றை மட்டும் ஏன்?

மானாவாரி (ஒட்டன்சத்திரம்):

ரத்தம் வந்துவிட்டது என்றால் முதலில் அதைப் பாருங்கள் அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். கோழிகளுக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தும் புத்தி உண்டு. இன்று சேவல் மட்டும், நாளைக்கு மற்ற பெட்டைகளும் சேர்ந்துகொள்ளும்.

இருட்டிய பிறகு பிடியுங்கள், திமிறாது. முதுகோடு நிற்காமல் இரண்டு இறக்கையையும் தூக்கி விலாவைப் பாருங்கள். சேவல் ஏறும்போது கால் வழுக்கி நகம் கிழிப்பது அங்கேதான். இறகு மூடியிருப்பதால் வெளியே தெரியாது. நான் ஒரு நல்ல பெட்டையை அப்படித்தான் இழந்தேன். முதுகில் மருந்து போட்டுவிட்டு விலாவைக் கவனிக்காமல் விட்டேன், நாலாம் நாள் புழு வைத்துவிட்டது.

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ஐப்பசி மழையில் ஈ அதிகம், வேப்பெண்ணெய் வாடைக்கு ஈ கொஞ்சம் விலகும். சதை பிளந்து தெரிந்தாலோ, புழு இருந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அடைக்கூடை (மணப்பாறை):

சில விஷயம் தெரிந்தால்தான் சொல்ல முடியும் சகோதரி. மற்ற நான்கு பெட்டைகளும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன? முட்டையிடுகிறது எது, அடையில் இருப்பது எது? சேவலின் கால் முள் எவ்வளவு நீளம்? சாம்பல் பெட்டையின் பின்பக்கம் இறகைப் பிரித்துப் பார்த்தால் பேன் ஓடுகிறதா?

கொல்லைப்புறம்:

ராத்திரியே பார்த்தேன். நல்லவேளை, விலாவில் மேல்தோல் கீறல்தான், ஆழம் இல்லை. மஞ்சள் போட்டுவிட்டேன். பேன் கொஞ்சம் இருக்கிறது. கால் முள் சிறு மொட்டுப் போலத்தான் இருக்கிறது, ஆனால் நகம் கூர்மை.

மற்றவற்றில் இரண்டு குஞ்சோடு மேய்கின்றன. ஒன்று அடையில் உட்கார்ந்து ஒன்பது நாள். இன்னொன்று வெடக்கோழி, இன்னும் முட்டை வைக்கவில்லை. சாம்பல் மட்டும்தான் முட்டையிடுகிறது.

அடைக்கூடை:

நீங்கள் கேட்ட ‘ஏன்’ என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. உங்களுக்கு ஐந்து பெட்டை, ஆனால் சேவலின் கணக்கில் ஒன்றுதான். குஞ்சுத்தாய் சேவலைக் கிட்டே சேர்க்காது, எதிர்த்து அடிக்கும். அடைக்கோழி கூட்டை விட்டு இறங்குவதே சிறிது நேரம். வெடக்கோழி இன்னும் பதுங்கிக் கொடுக்காது, ஓடிவிடும். முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்று வைப்பது இதனால்தான். எட்டுப் பெட்டைகளுக்குப் பிரிய வேண்டியது முழுக்க உங்கள் சாம்பல் முதுகில் விழுகிறது.

இன்னொரு காரணம் பெரிய சேவல் இல்லாதது. பெரிய சேவல் இருக்கும் கூட்டத்தில் விடலை இவ்வளவு துணியாது, துணிந்தால் அடி வாங்கும். நல்ல சேவல் தீனியைக் கண்டால் கொக்கரித்துப் பெட்டையைக் கூப்பிடும், இறக்கையைத் தாழ்த்திச் சுற்றி வரும். உங்கள் செவலை அதற்கெல்லாம் இன்னும் வரவில்லை. ஒரு வயதுக்குள் நிறையச் சேவல்கள் தணிந்துவிடும், அதனால் அறுக்க அவசரப்படாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது, சேவலைப் பிரிப்பது. பெட்டையை எடுத்துத் தனியறையில் வைத்தால், பத்து நாள் கழித்து அது கூட்டத்துக்குப் புதுக்கோழி ஆகிவிடும். மற்ற பெட்டைகளும் கொத்தும், சேவல் அதே சேவலாகவே இருக்கும். சேவலைப் பஞ்சாரத்திலோ பழைய கூட்டிலோ இரண்டு வாரம் வையுங்கள். காலில் கயிறு கட்டிப் போடாதீர்கள், நாய் வந்தால் தப்பிக்க வழியில்லை. சாம்பலைப் புண் காயும் வரை கொல்லையிலேயே, மற்றவை பார்க்கும்படி இன்னொரு பஞ்சாரத்தில் மூடுங்கள். இரவில் எல்லாவற்றோடும் சேர்த்துக் கூட்டில் விடுங்கள்.

நகத்தின் நுனியை மட்டும் வெட்டி அரத்தால் மழுக்குங்கள். உள்ளே ரத்தக்குழாய் இருக்கிறது, ஆழமாக வெட்ட வேண்டாம். மழைக்காலத்தில் மண்குளியலுக்குக் காய்ந்த மண் கிடைக்காமல்தான் பேன் ஏறுகிறது. தாழ்வாரத்தில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு தொட்டியில் வையுங்கள்.

கொல்லைப்புறம்:

ரொம்ப நன்றி அண்ணா. மூன்று வாரம் பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. ஒரு சந்தேகம்: சாம்பல் இடும் முட்டைகளைச் சேர்த்து அடை வைக்க நினைத்திருந்தேன். சேவலை அடைத்தால் எல்லாம் கரு கூடாத கூமுட்டை ஆகிவிடுமே?

அடைக்கூடை:

உடனே ஆகாது. கடைசியாக மிதித்த பிறகும் ஒரு வாரம், பத்து நாளைக்கு இடும் முட்டையில் கரு கூடும். அதற்குள் வந்ததை எடுத்து வையுங்கள், தேதியைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். ஆனால் இந்த நிலையில் சாம்பல் முட்டையே குறைத்துவிடும், அதை எதிர்பார்க்காதீர்கள்.

கிணற்றடி (பொள்ளாச்சி):

முதுகுக்கு ஒரு துணி தைத்துப் போடலாம். என் பெட்டைக்குப் பழைய ஜீன்ஸ் துணியில் தைத்தேன். இரண்டு இறக்கைக்கும் எலாஸ்டிக் வளையம், அவ்வளவுதான். புண் முழுக்க ஆறிய பிறகே போடுங்கள். வாரம் ஒரு தடவை கழற்றிப் பேன் பாருங்கள். மழையில் நனைந்தால் அப்படியே விடக்கூடாது.

இறகு பற்றி: வேரோடு பிடுங்கிய இடத்தில் சில வாரத்தில் குருத்து வரும். பாதியில் ஒடிந்து தண்டு நிற்கும் இடத்தில் அடுத்த இறகுதிர்ப்பு வரை புதிதாக வராது. தண்டைப் பிடுங்காதீர்கள். இறகு பெரும்பாலும் புரதம்தான், அதனால் கரையான், கருவாட்டுத்தூள், பூஞ்சை பிடிக்காத கடலைப் புண்ணாக்கு, இதில் எது கிடைத்தாலும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். புதுக் குருத்துக்குள் ரத்தம் இருக்கும், அந்த நேரத்தில் சேவல் கவ்வினால் பழைய கதைதான்.

கொல்லைப்புறம் (16 நாள் கழித்து):

சொன்னபடியே செய்தேன். சேவலை 14 நாள் அடைத்து வைத்தேன். முதல் இரண்டு நாள் கத்தித் தீர்த்தது. சாம்பல் மூன்றாம் நாளே விறகை விட்டு இறங்கி மேய ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்கு நிம்மதி. புண் காய்ந்துவிட்டது, முதுகில் நீலமாகக் குருத்து தெரிகிறது.

முந்தாநாள் சாயங்காலம், அடையப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சேவலைத் திறந்துவிட்டேன். தீனியை மூன்று இடமாகப் போட்டு வைத்திருந்தேன். சாம்பலை ஒரு தடவை துரத்தியது, அது விறகின் மேல் ஏறியதும் விட்டுவிட்டது. நேற்று வெடக்கோழியை மிதித்தது. அதுவும் முட்டை வைக்க இடம் தேட ஆரம்பித்துவிட்டது, கொண்டை சிவந்திருக்கிறது.

இப்போதைக்குச் சாயங்காலம் மட்டும்தான் சேவல் வெளியே. குருத்து முழு இறகாகி, குஞ்சுத்தாய் இரண்டும் குஞ்சைப் பிரித்த பிறகுதான் பகலில் விடுவேன். சந்தையில் இன்னும் மூன்று பெட்டை வாங்கலாமா என்று யோசனை இருக்கிறது.

மானாவாரி:

வாங்குங்கள் அக்கா, ஆனால் இந்த மழையில் சந்தைக் கோழியை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள், வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் மொத்தமும் போய்விடும். இரண்டு வாரம் தள்ளி அடைத்து வைத்து, தடுப்பூசி போட்ட பிறகு சேருங்கள். முட்டையிடுகிற வயதுப் பெட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.