44 வயதில் புரோட்டா வீசப் பழகினேன்

2020 மார்ச்சில் அலுவலக வேலை போனது. மாமா இங்கே சிங்கப்பூரில், பல சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்த காப்பிக்கடை ஒன்றில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார், கல்லாவில் உட்காரலாம் என்று போனேன். ஊருக்குப் போயிருந்த மாஸ்டர் ஒருவர் விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, வீசக் கத்துக்கோ" என்றார் மாமா. ஏதோ டீ ஆற்றச் சொல்வது போல!

ஏப்ரல் 7இல் கொரோனாவுக்கான கிருமி முறியடிப்புக் காலம், அதாவது ஊரடங்கு மாதிரியான கட்டுப்பாடு, தொடங்கியது. யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும்தான். என் கூத்தைப் பார்க்க ஆளில்லாததே பெரிய நிம்மதி.

இன்னொரு மாஸ்டர் ராமநாதபுரத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முதல் இரண்டு வாரம் மாவையே தொட விடவில்லை. "குட் மார்னிங்" என்று அச்சடித்த மெல்லிய பருத்தித் துண்டை நனைத்துக் கொடுத்து, "வீட்டுல இதை வீசிப் பாருங்க அண்ணே" என்றார். இரவில் சாப்பாட்டு மேசையில் பட் பட்டென்று அடிப்பேன். சுவரெல்லாம் தண்ணீர். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, எல்லாம் நலம்தானே என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் ஏதோ அடிதடி என்று நினைத்திருப்பார், பாவம்.

துண்டு கிழியாது, மாவு கிழியும். உருண்டையை எண்ணெய் மேசையில் தட்டி, விளிம்பைப் பிடித்துத் தூக்கி வீசினால் ஒவ்வொரு முறையும் இடது பக்கத்தில் ஓட்டை. பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக வீசினேன், ஓட்டை பெரிதானது. மாஸ்டர் என் கையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணே, நகம் வெட்டுங்க" என்றார். அவ்வளவுதான்! அடியில் இருந்த கட்டைவிரல் நகம்தான் மாவைக் குத்திக்கொண்டிருந்தது.

நகம் வெட்டியபின் பாதி சரியானது. மீதிப் பாதி என் அவசரம். பிசைந்த மாவு முறுக்கிக்கொண்டு நிற்கும், இழுத்தால் சுருங்கும். எண்ணெயில் ஊறவைத்துப் பல மணி நேரம் விட்டால்தான் இளகிக் கொடுக்கும். நான் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டு மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மழை நாளில் அதே அளவு தண்ணீர் விட்டாலும் மாவு கையில் ஒட்டும். அதை யாரும் சொல்லித் தரவில்லை, இரண்டு கிலோ மைதா வீணான பிறகு தெரிந்தது.

ஜூன் 19இல் உட்கார்ந்து சாப்பிட மறுபடி அனுமதி வந்தது. அதற்குள் கோசோங், அதாவது உள்ளே எதுவும் வைக்காத வெறும் புரோட்டா, ஓரளவு வந்துவிட்டது. மடித்துப் போடுவதால் ஓட்டையெல்லாம் உள்ளே மறைந்துவிடும். முட்டைப் புரோட்டாவில்தான் குட்டு வெளிப்படும். அன்று முதல் மேசையே வெங்காயம் போட்ட முட்டைப் புரோட்டா கேட்டது. மடிக்கும்போதே அடியில் ஒழுகிக் கல் முழுக்க ஆம்லெட். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் சட்டுவத்தால் சுரண்டித் தள்ளிவிட்டு, தான் ஒன்று வீசிப் போட்டார். அதைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். "நல்லா இருக்கு" என்று என்னைப் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்ய?

முட்டை ஒழுகாமல் நிற்க செப்டம்பர் ஆனது. இப்போது ஞாயிறு காலைக் கூட்டத்தைத் தனியாகச் சமாளிக்கிறேன். டிஷ்யூ புரோட்டாவை மட்டும் கூம்பாக நிறுத்த வரவில்லை. கேட்டால் "மாவு தீர்ந்துடுச்சு" என்று சொல்லிவிடுவேன்.