வங்கி இருப்பு ஏறுது, ஆள் குறையுது: எங்கே இடிக்குது?

கேள்வி: எங்கள் மாணவர் சங்கத்துக்கு இந்த வருஷம் நான்தான் பொருளாளர். பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். 4 வருஷமா இருப்பு ஏறிக்கிட்டே வருது. உறுப்பினர்கள் மட்டும் 62-லிருந்து 41. லாப நோக்கமில்லாத சங்கம் இப்படி மிச்சம் வைக்கலாமா?

பதில் 1: தாராளமா. மிச்சத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனா ஏன் ஏறுதுன்னு பாருங்க. நான் பொருளாளரா இருந்தப்போ இப்படித்தான் பூரிச்சுப் போனேன் (விருந்துக்கே திட்டம் போட்டாச்சு!). அப்புறம் பார்த்தா, அடுத்த வருஷச் சந்தாவை முன்கூட்டியே வாங்கி அந்த வருஷ வரவுல எழுதியிருந்தாங்க. மண்டப வாடகை 2 தவணை கட்டவே இல்லை. ரெண்டையும் கழிச்சா கையிருப்பு பாதிகூட இல்லை.

பதில் 2: வாடகை, காப்பீடெல்லாம் ஆள் குறைஞ்சா குறையாது. தலைக்கு எவ்வளவு செலவு விழுதுன்னு வருஷவாரியா போட்டுப் பாருங்க.

கேள்வி கேட்டவர்: பார்த்தேன். 17 பேரோட அடுத்த வருஷச் சந்தா உள்ளே கிடக்கு. கட்டாத பில் ஒண்ணும் சிக்கிச்சு, போன பொருளாளர் கொடுத்த பையோட அடியில.