ஐபோன் 15, கேலக்ஸி எஸ்24, பிக்சல் 8: நம்மூரு வெயில்ல பைக்ல சுத்துறவனுக்கு எது?

தோல்பை:
வணக்கம் மக்களே, லெதர் சாம்பிள் பாக்க மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டுன்னு பைக்லயே சுத்துற வேலை எனக்கு. போன் ஹேண்டில்பார்ல மாட்டி மேப் ஓடும், தோல் கலரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல பார்ட்டிக்கு அனுப்பணும், ஆபீஸ் சிம் ஒண்ணு சொந்த சிம் ஒண்ணு, அப்புறம் வீட்ல எல்லார்கூடயும் தமிழ்லதான் டைப் பண்ணுவேன். கடைக்காரர் மூணையும் காட்டி எதுனாலும் சூப்பர்ங்கறாரு. யூஸ் பண்றவங்க சொல்லுங்க, ஆப் எதுல நிறைய, டிசைன் எது கைக்கு அடக்கம்?

காட்பாடி சர்வீஸ்:
ஆப் கணக்கை விட்ருங்க ப்ரோ, ஜிபே, போன்பே, ஐஆர்சிடிசி, வாட்ஸ்அப் எல்லாம் ஐபோன்லயும் இருக்கு, ஆண்ட்ராய்டுலயும் (கேலக்ஸி, பிக்சல் ரெண்டும் ஆண்ட்ராய்டுதான்) இருக்கு. வித்தியாசம் எங்கன்னா ஆண்ட்ராய்டுல ஸ்டோருக்கு வெளிய இருந்து ஏபிகே, அதாவது ஆப்போட இன்ஸ்டால் ஃபைலை நேரா போடலாம், ஐபோன்ல நம்ம நாட்ல அது நடக்காது, உங்க பார்ட்டி யாராவது தனி ஆப்பை ஏபிகேவா அனுப்புவாங்கன்னா அதை மட்டும் யோசிங்க. உங்களுக்கு நான் எஸ்24தான் சொல்வேன், காரணம் சிம். அதுல ரெண்டு சிம் கார்டும் உள்ள போகும், மத்த ரெண்டுலயும் ஒரு கார்டு போட்டு இன்னொண்ணை இ-சிம்மா, அதாவது கார்டே இல்லாம போனுக்குள்ளயே பதியற சிம்மா மாத்தணும். கால் ரெக்கார்டிங்கும் சாம்சங் டயலர்லயே இருக்கு, ரேட் பேசுற வேலைக்கு அது ரொம்ப உதவும். ஐபோன்ல ஐஓஎஸ் 18.1ல தான் வந்துச்சு, ரெக்கார்ட் ஆகுதுன்னு எதிர்ல இருக்கறவருக்கும் குரல் கேக்கும். எஸ்24 எடையும் 167 கிராம்தான், பிக்சல் 187. மெமரி கார்டு மூணுலயும் போட முடியாது, அதனால 256 ஜிபியே வாங்குங்க.

வாலாஜா ரைடர்:
அண்ணே எந்த போனா இருந்தாலும் ஹேண்டில்பார்ல நேரா மாட்டாதீங்க!! பெரிய இன்ஜின் பைக்கோட அதிர்வு தொடர்ந்து பட்டா படம் ஆடாம பாத்துக்கற கேமரா ஸ்டெபிலைசேஷன் கெட்டுப்போகலாம்னு ஆப்பிளே எழுதி வச்சிருக்கான், மொபெட் ஸ்கூட்டருக்கு கூட அதிர்வைக் குறைக்கிற டேம்பர் வச்ச மவுண்ட் போடச் சொல்றான். உங்களுக்கு போட்டோதான் சோறு போடுது, கேமரா போச்சுன்னா என்ன பண்ணுவீங்க. அடுத்தது வெயில், ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள்ள யூஸ் பண்ணணும்னு இருக்கு, நம்மூர்ல அக்னி நட்சத்திரத்துல 40 தாண்டிடுது, அப்போ ஸ்க்ரீன் மங்கும், சார்ஜ் ஏறுறது நிக்கும். ஆண்ட்ராய்டும் சூடானா வேகத்தைக் குறைச்சுக்கும், அதனால இதுல யாரும் ஜெயிக்கல. மேப்பை இயர்போன்ல கேட்டுக்கலாம்னு தோணும், வேணாம், ரோட்ல ஹாரன் கேக்காது. வழி ஒரு தடவை பாத்துட்டு பாக்கெட்ல போட்ருங்க, புது ஊருக்கு மட்டும் டேம்பர் மவுண்ட்.

குடியாத்தம் டீச்சர்:
தம்பி, தமிழ் டைப்பிங் பத்தி யாரும் சொல்லலையே. ஐபோன்ல தமிழ்99 (தமிழ் எழுத்தையே நேரா அடிக்கிறது), அஞ்சல் (இங்கிலீஷ் எழுத்து உச்சரிப்புல அடிக்கிறது) ரெண்டு கீபோர்டும் 2013ல ஐஓஎஸ் 7ல இருந்தே உள்ளயே வருது, தனியா எதுவும் இறக்க வேணாம். ஆண்ட்ராய்டுல கூகுளோட ஜிபோர்டு கீபோர்டு போதும், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா வரும், மைக்ல பேசினாலும் வரும். செல்லினம்ங்கிற தமிழ் கீபோர்டு ஆப் ரெண்டுலயும் கிடைக்கும். எனக்கு தமிழ்99 பழகிடுச்சு, கை நிக்காம போகும், அதனால ஐபோனை விட மனசு வரல. ஆனா ஐபோன் 15ல ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாறும்), மத்த ரெண்டும் 120, கடைல ரெண்டையும் பக்கத்துல வச்சு தள்ளிப் பாருங்க, நல்லாவே தெரியும்.

தோல்பை:
நன்றி அக்கா, நன்றி ப்ரோ. எவ்ளோ வருஷம் அப்டேட் வரும்? அடிக்கடி மாத்துற ஆள் இல்ல நான். தோல் கலர் எதுல சரியா வரும்?

காட்பாடி சர்வீஸ்:
எஸ்24, பிக்சல் 8 ரெண்டுக்கும் 7 வருஷம்னு கம்பெனியே சொல்லிடுச்சு, எஸ்24 2024 ஜனவரில வந்தது, அப்போல இருந்து கணக்கு, நீங்க வாங்குற தேதில இருந்து இல்ல. ஆப்பிள் இப்படி முன்னாடியே வாக்கு குடுக்கறது கம்மி, ஆனா 2018ல வந்த ஐபோன் எக்ஸ்எஸ்க்கு 2024ல ஐஓஎஸ் 18 வந்துச்சே. கலருக்கு எந்த போனையும் முழுசா நம்பாதீங்க, ட்யூப்லைட் கீழ டேன் கலரும் பிரவுனும் ஒண்ணாத் தெரியும். வாசல்ல நிழல்ல வச்சு, தோல் பக்கத்துல வெள்ளைப் பேப்பரும் ஃப்ரேம்ல வர்ற மாதிரி எடுங்க, வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா அமுக்கிடும். கடைக்குப் போறப்போ ஒரு சாம்பிள் தோலும் எடுத்துட்டுப் போய் மூணுலயும் எடுத்துப் பாத்துட்டே வாங்குங்க.