சிறு தீவு நாடுகள் சேர்ந்து நிஜமாவே என்ன செஞ்சிருக்கு?

பாளை_முதுகலை:
கருத்தரங்குக்கு 'மரபுசாராப் பாதுகாப்பும் (போர், படை இல்லாத பேரிடர் மாதிரி ஆபத்துகள்) சிறு தீவு நாடுகளின் வட்டார ஒத்துழைப்பும்'னு ஒரு கட்டுரை. பசிபிக் தீவுகள் பாதுகாப்பு பத்தி வெளியிட்ட 2018 போயே பிரகடனம், இந்தியப் பெருங்கடல் நாடுகளோட கொழும்புப் பாதுகாப்புக் கூட்டமைப்பு எல்லாம் எழுதியாச்சு. "இதெல்லாம் அறிக்கை, நடந்தது என்ன?"ன்னு வழிகாட்டி திருப்பி அனுப்பிட்டாங்க. எதைப் பிடிக்கலாம் அண்ணாச்சி?

குறுக்குத்துறைக்காரன்:
அவங்க கேட்டது நியாயம்தான். பணம் எங்க கைமாறுதோ அங்க பாருங்க. 2007-ல கரீபியன் பக்கம் 16 அரசுகள் சேர்ந்து சிசிஆர்ஐஎஃப்னு பேரிடர்க் காப்பீட்டு நிதியம் தொடங்குச்சு. ஒரே புயல்ல நாடே அடிபட்டுப் போற குட்டித் தீவுக்குத் தனியா பிரீமியம் கட்டி மாளாது. 16-ம் ஒரே வருஷம் அடிபடாதுங்கிறதால கூட்டாப் போனா மறுகாப்பீடு (காப்பீடு தர்றவங்களே எடுக்கிற காப்பீடு) மலிவாக் கிடைக்கும்.

சேதத்தை யாரும் நேர்ல போய் அளக்கிறதில்ல. காற்று வேகம், நில அதிர்வு, இடம் இதையெல்லாம் கணினி மாதிரியில போட்டு, வரம்பு தாண்டினா 14 நாளுக்குள்ள பணம். 2010 நிலநடுக்கத்துக்கு ஹைட்டி சுமார் 77.5 லட்சம் டாலர் வாங்குச்சு. ஊரைத் திரும்பக் கட்ட இது காணாது. முதல் சில வாரம் அரசாங்கம் முடங்காம இருக்கத்தான்.

கோளாறும் அந்த வரம்புலதான். நம்மூர்ல பிசான நெல் சாகுபடிக்குப் பயிர்க் காப்பீடு கட்டியிருப்பாங்க. சொந்த வயல் மூழ்கியும், கிராமத்துச் சராசரி மகசூல் குறையலன்னு பைசா வராமப் போனவங்க உண்டு. அதே கதைதான். பசிபிக்ல இதே மாதிரி ஒரு திட்டத்துல சாலமன் தீவுகள் சேர்ந்துச்சு. 2013 சாண்டா குரூஸ் நிலநடுக்கத்துக்கும் ஒண்ணும் வரல, 2014 ஹோனியாரா வெள்ளத்துக்கும் வரல. விலகிட்டாங்க. 2015 பாம் புயலுக்கு வனுவாட்டு 19 லட்சம் டாலர் வாங்குச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதுங்க.

உவரிக்கடல்:
இந்தியப் பெருங்கடலை விட்டுராதீங்க. 2020 ஜூலை 25 மொரீஷியஸ் பவளத்திட்டுல வகாஷியோங்கிற கப்பல் தட்டி நின்னுச்சு. ஆகஸ்ட் 6-ல கசிவு, சுமார் 1,000 டன் எண்ணெய். அது எண்ணெய் டேங்கர் இல்ல, சரக்குக் கப்பல். கடல்ல போனது அதோட சொந்த எரிபொருள். டேங்கர் கசிவுக்கான 1992 சர்வதேச நிதியம் இதுக்குச் செல்லாது. இழப்பீட்டு உச்சவரம்புலயும் மொரீஷியஸ் 1976 ஒப்பந்தத்தோடயே நின்னுட்டுது; வரம்பைக் கூட்டின 1996 திருத்தத்துல சேரல. கையெழுத்துப் போடாம விட்ட காகிதம்தான் அங்க பாதுகாப்புப் பிரச்சினை.

உதவிக்கு இந்தியாவுலேருந்து கடலோரக் காவல்படை ஆளும் 30 டன் கருவியும் விமானத்துல போச்சு. 2014 டிசம்பர்ல மாலத்தீவுத் தலைநகர் மாலேயில கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை தீப்பிடிச்சப்போ தண்ணி கொண்டு போனதும் இந்திய விமானங்களும் சுகன்யா, தீபக் கப்பல்களும்தான். ஆக, இங்க பெரிய நாடு உதவுது. தீவும் தீவும் கூடிச் செஞ்சது கம்மி. தலைப்போட அதைக் குழப்பிராதீங்க.

குறுக்குத்துறைக்காரன்:
அதுவும் சரி. தீவும் தீவும் கூடினதுக்குச் சூரை மீன் இருக்கு. பசிபிக்ல சூரை மீன்பிடிப்பைக் கூட்டா நடத்துற நவ்ரு ஒப்பந்தத்துல 8 நாடு. வெளிநாட்டுச் சுருக்குமடிக் கப்பலுக்கு மீனை எடை போட்டு விக்காம, கடல்ல மீன் பிடிக்கிற நாள்கணக்கை விக்கிறாங்க, ஒரு நாளைக்குக் குறைஞ்சது 8,000 டாலர். ஒருத்தர் விலையை இறக்கினா மத்த ஏழுக்கும் அடி, அதான் அடிவிலை. 'இன்னைக்கு மடி இறக்கல'ன்னு கப்பல்காரங்க அந்த நாளைக் கணக்குலேருந்து கழிக்கப் பாக்கிறதும், பெரிய கப்பலா மாத்தி அதே நாள்ல கூடுதலா அள்ளுறதும் நடக்குது. நாள் கணக்குல அது தெரியாது.